‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்ற பிறகு என்ன செய்வது

மாதக்கணக்கில் வலி, அசதி, படபடப்பு. ரத்தம் கொடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “ஒண்ணும் இல்ல, டென்ஷனைக் குறைங்க” என்கிறார். அறையை விட்டு வெளியே வரும்போது நோய் அப்படியே இருக்கிறது. நாம் சொன்னதை அவர் நம்பவில்லை என்ற பாரமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் அடுத்த சந்திப்புக்கு முன்னால் என்ன எழுதிவைக்க வேண்டும், அறைக்குள் எதை முதலில் சொல்ல வேண்டும், ‘நார்மல்’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும், கேட்டது மறுக்கப்பட்டால் என்ன கேட்க வேண்டும் என்பவை இந்தக் கட்டுரையில் உள்ளன.

காத்திருக்கக் கூடாதவை

சில அறிகுறிகளுக்குக் குறிப்பு எழுதித் தயாராகிக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, சில நொடிகளிலேயே உச்சத்தைத் தொடும் தலைவலி, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ அதுவும் அவசரம்தான். தண்டுவடத்தின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்கினால் மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்தாலும் அன்றே உதவி தேடுங்கள். போன மாதம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப்பட்டது என்பதற்காக இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு வகை அறிகுறிகள் உண்டு. அவசரப் பிரிவு தேவையில்லை, ஆனால் சந்திப்பில் முதல் வாக்கியமாக இவற்றைச் சொல்ல வேண்டும்: முயற்சி எதுவும் செய்யாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைவது (60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ), இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது, விட்டுவிட்டுக் காய்ச்சல், புதிய கட்டி, மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது வயிற்றுப்போக்கு. பலர் இவற்றைக் கடைசியில், கதவருகே நின்றபடி சொல்கிறார்கள். அதற்குள் முடிவு எழுதப்பட்டிருக்கும்.

ஏன் தட்டிக் கழிக்கப்படுகிறது

1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயாளி பேசத் தொடங்கிய சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று கண்டது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில் அது 11 நொடியாக இருந்தது. எத்தனை மாத வேதனையாக இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது முதல் இரண்டு வாக்கியங்கள்தான்.

அடுத்தது, முதலில் பொருந்தும் விடையோடு தேடல் நின்றுவிடுவது. இளவயதுப் பெண், படபடப்பு, தூக்கமின்மை என்றால் ‘பதற்றம்’ என்ற விடை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தச் சொல் ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால் அடுத்த மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் படிக்கிறார். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும், உடல் பருமனானவர்களுக்கும் இது இன்னும் கடுமையாக நடக்கிறது. எந்த அறிகுறியும் அந்த ஒரே கணக்கில் எழுதப்படுகிறது.

மருத்துவமே முழுதாகத் தவறியதும் உண்டு. வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறது என்று 1980களில் காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2015 அறிக்கை, பெரும்பாலான மனிதர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது நோயறிதல் பிழையைச் சந்திப்பார்கள் என்கிறது. உங்களுக்கு நடந்தது அபூர்வமானதும் அல்ல, உங்கள் குணத்தின் குறையும் அல்ல.

பதினான்கு நாள் குறிப்பு

ஒரு நோட்டில் நாளுக்கு இரண்டே வரி எழுதுங்கள். எழுத வேண்டியவை: எந்த அறிகுறி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதனால் அன்று எந்த வேலை நின்றது, அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் என்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன மருந்து. மாதவிடாய் வருபவர்கள் சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பதையும் குறியுங்கள்.

முந்தைய இரண்டு நாள் எதற்கு என்றால், உழைப்புக்குப் பின் வரும் சரிவு சிலருக்கு உடனே தெரியாது. எம்இ என்றும் நாள்பட்ட சோர்வு நோய் என்றும் அழைக்கப்படும் நோயில், சற்று அதிகமாக நடந்ததற்கோ நீண்ட உரையாடலுக்கோ உடல் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் படுத்துவிடுகிறது. அன்றன்றைய குறிப்பில் இந்தத் தொடர்பு தெரியாது. இரண்டு நாள் பின்னோக்கிப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ 2015இல் வகுத்த அளவுகோலில் இந்தப் பிந்திய சரிவு கட்டாய அறிகுறி. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, தூங்கியும் தெளியாத உடல், கூடவே நினைவு மங்கலோ நிமிர்ந்து நிற்க முடியாமையோ என்பவை மற்றவை.

பதினான்கு நாள் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். மாதவிடாயோடு ஏறி இறங்கும் தொல்லை என்றால் மட்டும் இரண்டு சுழற்சி வரை எழுதலாம். மாதக்கணக்கில் மணிக்கொருமுறை உடம்பைக் கண்காணித்தால் அறிகுறிகள் இன்னும் கூர்மையாகத் தெரியத் தொடங்கும். நாற்பது பக்க நோட்டை எந்த மருத்துவரும் படிக்கப்போவதும் இல்லை. நோட்டு உங்களுக்கு. மருத்துவருக்கு அதிலிருந்து எடுத்த ஒரே ஒரு பக்கம்.

விட்டுவிட்டு வருபவற்றைப் படம் எடுத்துவையுங்கள். தடிப்பு, வீக்கம், விரல் நிறம் மாறுவது, நடுக்கம், வலிப்பு போன்ற அசைவு எல்லாம் சந்திப்பு நாளில் வரவே வராது. வலிப்பு போன்ற அசைவை வீடியோ எடுப்பவர் முகமும் முழு உடலும் தெரியும்படி, தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது நரம்பியல் மருத்துவருக்கு முக்கியமான தடயம்.

நின்றால் கிறுகிறுப்பு, படபடப்பு என்பவர்கள் வீட்டிலேயே ஓர் அளவு எடுக்கலாம். தானியங்கி ரத்த அழுத்தக் கருவி போதும். காலையில் 10 நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும்படி சுவரில் லேசாகச் சாய்ந்து, அசையாமல், பேசாமல் 10 நிமிடம் நில்லுங்கள். 1, 3, 5, 7, 10ஆவது நிமிடங்களில் அளவெடுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கண் இருட்டினால் உடனே உட்கார வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் ஏற்கெனவே மயங்கி விழுந்தவர்களும் இதை வீட்டில் செய்யக் கூடாது. ரத்த அழுத்தம் விழாமல் துடிப்பு மட்டும் 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதுக்குள் 40) அது போட்ஸ் என்ற கோளாறின் அடையாளமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது வேறு பிரச்சினை. நீர்ச்சத்துக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, சில மருந்துகளும் துடிப்பைக் கூட்டும். ஆகவே பெயர் சூட்டுவதை மருத்துவருக்கு விடுங்கள்; நீங்கள் எண்களை மட்டும் கொண்டுபோங்கள். படுத்த நிலையில் ஒருமுறை எடுக்கும் இசிஜியில் இது சிக்காது என்பதால் இந்த எண்களுக்கு மதிப்பு அதிகம்.

எந்தச் சொல்லில் சொல்வது

நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் அதிகம் தொலைந்துபோவது இங்கேதான்.

‘தலைச்சுற்றல்’ என்று நாம் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அறையே சுழல்வது காதின் உட்பகுதியை நோக்கிப் போகும். கண் இருட்டி மயக்கம் வருவது ரத்த ஓட்டத்தை நோக்கிப் போகும். தலை தெளிவாக இருக்க, கால் மட்டும் தள்ளாடுவது நரம்பை நோக்கிப் போகும். வெறுமனே ‘தலை சுத்துது டாக்டர்’ என்றால் இந்த மூன்றில் எதற்கும் பரிசோதனை நடக்காமல் போகலாம்.

‘அசதி’யும் அப்படித்தான். தூக்கம் சொக்குகிறதா? கை தூக்க வலுவில்லையா? மூச்சு வாங்குகிறதா? மனம் எதிலும் ஒட்டவில்லையா? வேலை செய்த மறுநாள் அடித்துப்போட்டது போல் ஆகிறதா? இவற்றில் எது என்று சொல்லுங்கள். ‘மாடி ஏறும்போது தொடை வலுவிழக்கிறது, நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழுகிறேன்’ என்றால் மருத்துவர் தசையைச் சோதிப்பார். ‘ரொம்ப அசதி’ என்றால் சத்து மாத்திரை எழுதுவார்.

வலிக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. குத்துகிறதா, எரிகிறதா, குடைகிறதா, பிசைகிறதா, இழுக்கிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, சுருக்கென்று மின்னல் போல் ஓடுகிறதா? எரிச்சலும் மின்னல் ஓட்டமும் நரம்பு வலியைச் சுட்டும். பிசைந்து பிசைந்து விடுவது குடல் போன்ற குழாய் உறுப்பைச் சுட்டும். எங்கே தொடங்கி எங்கே போகிறது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று இரண்டு வார்த்தை சேருங்கள்.

‘பத்துக்கு ஒன்பது’ என்ற எண்ணை மட்டும் சொன்னால் எடுபடாது. அமைதியாக உட்கார்ந்து ஒன்பது என்றால் நம்பப்படுவதில்லை. அழுதுகொண்டே சொன்னால் பதற்றம் என்று எழுதப்படுகிறது. எண்ணோடு ஒரு செயலைக் கட்டுங்கள். ‘ஜனவரிக்கு முன்னால் மூன்று மாடி நிற்காமல் ஏறுவேன். இப்போது ஒரு மாடியில் உட்கார்ந்துவிடுகிறேன். போன மாதம் எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை.’ முன்பு, இப்போது, எப்போதிலிருந்து. இந்த மூன்றும் இருக்கும் வாக்கியத்தை ‘டென்ஷன்’ என்று ஒதுக்குவது கடினம்.

முடிவை நீங்களே சொல்லித் தொடங்காதீர்கள். ‘எனக்கு கேஸ் பிராப்ளம்’ என்று ஆரம்பித்தால் நெஞ்சுவலி வயிற்றுக் கணக்கில் போய்விடும். ‘இணையத்தில் படித்தேன், எனக்கு லூபஸ்’ (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) என்றால் பேச்சு லூபஸ் இல்லை என்று நிரூபிப்பதிலேயே முடிந்துவிடும். அறிகுறிகளைச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘லூபஸை எண்ணிப் பார்க்க வேண்டுமா, ஏன் வேண்டாம்?’ என்று கேள்வியாக வையுங்கள்.

ஒரு பக்கம்

தட்டச்சு செய்து இரண்டு பிரதி எடுத்துப்போங்கள்; ஒன்று ஃபைலில் சேர, ஒன்று உங்கள் கையில். மாதிரி இது:

*வயது 34. வந்த காரணம்: 9 மாதமாக நின்றால் படபடப்பும் கிறுகிறுப்பும், நடந்த மறுநாள் படுக்கையில் இருக்க வேண்டிய சோர்வு.*
*தொடக்கம்: ஜனவரியில் ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு. அதற்கு முன் தினமும் 5 கி.மீ. நடை. இப்போது 15 நிமிடம் நிற்க முடிவதில்லை.*
*கூட்டுபவை: நிற்பது, வெந்நீர்க் குளியல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம். குறைப்பவை: படுப்பது.*
*வீட்டு அளவு: படுத்து 72, நின்று பத்தாம் நிமிடம் 112. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. மூன்று நாள் ஒரே போல.*
*செய்தவை: ரத்த அணுக்கள், டிஎஸ்ஹெச் (தைராய்டு), சர்க்கரை, இசிஜி (தேதிகளும் அளவுகளும் இணைப்பில்).*
*எடுத்த மருந்து, அளவு, எத்தனை வாரம், என்ன ஆனது:*
*இல்லாதவை: காய்ச்சல், எடை இழப்பு, மூட்டு வீக்கம்.*
*குடும்பத்தில்: தாய்க்குத் தைராய்டு.*
*இன்று எனக்கு வேண்டியது: நின்ற நிலைச் சோதனை தேவையா என்ற முடிவு.*

கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. ‘எனக்கு என்னவென்று கண்டுபிடியுங்கள்’ என்பதை எந்த மருத்துவராலும் பத்து நிமிடத்தில் நிறைவேற்ற முடியாது. ஒரு சந்திப்புக்கு ஒரு முடிவு என்று கேட்டால் கிடைக்கும். ‘இல்லாதவை’ என்ற வரியும் தேவை. இருப்பதை மட்டும் இருபது அறிகுறியாக அடுக்கினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் என்ற எண்ணம் வந்துவிடும். இல்லாததையும் சொல்பவர் கவனித்துச் சொல்கிறார் என்று தெரியும். அறிகுறி இருபது இருந்தால் வாழ்க்கையை அதிகம் முடக்கும் மூன்றை மேலே வைத்து, மற்றதை ஒரே வரியில் பெயராக எழுதுங்கள்.

அறைக்குள்

உட்கார்ந்ததும் தாளைக் கொடுத்து, “டாக்டர், இதில் மேலே இருக்கிற மூன்றுக்காக வந்திருக்கேன். கடைசி வரியில் இருக்கிறதை இன்னைக்கு முடிவு பண்ணணும்” என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடன் வருபவருக்கு இரண்டு வேலைதான்: மருத்துவர் சொல்வதை எழுதுவது, நோய்க்கு முன்னும் பின்னும் தான் கண்ட ஒரு மாற்றத்தைச் சொல்வது. உங்களுக்குப் பதிலாக அவர் பேசத் தொடங்கினால் கேள்விகள் அவரை நோக்கித் திரும்பிவிடும், முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முந்தைய மருத்துவர்களைப் பற்றிய ஆதங்கம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் வேண்டாம். கேட்பவர் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விடுவார்.

“ஒன்றுமில்லை” என்று வந்தால் கேட்க வேண்டியவை:

“இந்த டெஸ்ட்டுகள் எந்தெந்த நோயை இல்லைன்னு உறுதி செய்யுது? எதை உறுதி செய்யல?”

“இது தவிர வேற என்னவா இருக்கலாம்? ஆபத்தானது எதையாவது விட்டிருக்கோமா?”

“எத்தனை வாரத்துல குறையணும்? குறையலைன்னா அடுத்த படி என்ன?”

மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்க வேண்டாம். தேதியும் அடுத்த படியும் இல்லாத ‘பார்க்கலாம்’ கைவிடுவதற்குச் சமம். ‘ஆறு வாரம் பார்ப்போம், குறையாவிட்டால் வயிற்று நிபுணர்’ என்பது திட்டம். இரண்டுக்கும் ஒரே மருந்துதான் எழுதப்பட்டிருக்கும், ஆனால் ஆறாவது வாரத்தில் நீங்கள் நிற்கும் இடம் வேறு.

நீங்கள் கேட்ட சோதனை மறுக்கப்பட்டால் முதலில் காரணம் கேளுங்கள். பல நேரம் நல்ல காரணம் இருக்கும். இல்லை என்று பட்டால், “நான் இந்த அறிகுறியைச் சொன்னதையும், இந்த டெஸ்ட் இப்போ வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணினதையும் குறிப்புல எழுதிடுங்க டாக்டர்” என்று தணிந்த குரலில் கேட்கலாம். எழுத வேண்டும் என்றதும் சிலர் மறுபடி யோசிக்கிறார்கள். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு என்பதால் ஒவ்வொரு சந்திப்பிலும் எடுக்கும் ஆயுதமாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்த அன்றே குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தேதியோ மருந்தோ தவறாக இருந்தால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

‘நார்மல்’ என்பதன் பொருள்

நார்மல் என்றால், அந்தச் சோதனை தேடிய பொருள், அந்த மணி நேரத்தில், அந்த அளவுக்குள் இருந்தது. அவ்வளவுதான். தவறவிடப்படும் இடங்கள் சில:

நேரம். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் படபடப்பை ஹோல்டர் என்ற, 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதியும் கருவி பிடிக்காது. இரண்டு வாரம் பதியும் கருவியோ, படபடக்கும்போது பட்டனை அழுத்தும் கருவியோ வேண்டும். தடிப்பு, முகம் சிவத்தல், ரத்த அழுத்தம் விழுதல் என்று திடீரென வந்து போகும் ஒவ்வாமை போன்ற தாக்குதலுக்கு, அது தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனையை எடுக்க வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகு இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும். காரணம் தெரியாத கடும் வயிற்றுவலி வந்துவந்து போனால், போர்ஃபிரியா என்ற அபூர்வ நோய்க்கான சிறுநீர் மாதிரியை, வலி இருக்கும்போதே, வெளிச்சம் படாமல் சேகரிக்க வேண்டும். கார்டிசோல் என்ற ஹார்மோனைப் பார்க்கக் காலை எட்டு ஒன்பது மணி ரத்தம் வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர், களிம்பு எது பயன்படுத்தினாலும் முன்பே சொல்ல வேண்டும்.

உண்பதும் விழுங்குவதும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிட்டால் விடை பொய்யாக நார்மல் வரும். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினம் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு உண்டிருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு. கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐஜிஏ குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான சோதனை ஏமாற்றும். முடி, நகத்துக்கான மாத்திரைகளில் உள்ள பயோட்டின் தைராய்டு அளவுகளைத் திரித்துக் காட்டும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பி12 ஊசி போட்ட பிறகு பி12 அளவு பார்த்தால் பற்றாக்குறை மறைந்துபோகும்.

சோதனையின் எல்லை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைப் பார்க்க ஃபெரிட்டின் என்ற சோதனை வேண்டும். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாக உயரும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமையும் அழற்சி உள்ளவர்களுக்கு 70ஐயும் எல்லையாக வைக்கிறது. நரம்புக் கடத்தல் சோதனை தடித்த நரம்புகளை மட்டுமே பார்க்கும். கால் எரிச்சல் சிறு நரம்பு இழைகளால் வந்தால் அது நார்மலாகவே வரும், தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 45 வயதுக்கு முன் தொடங்கி, விடியற்காலையில் எழுப்பி, அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடந்தால் குறையும் முதுகுவலிக்கு எக்ஸ்ரே பல ஆண்டுகள் நார்மலாக இருக்கலாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் உயராமல் போகலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் (சேக்ரோஇலியாக்) எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். மாதவிடாய் வலி வேலையை நிறுத்தும் அளவுக்கு இருந்து ஸ்கேன் நார்மல் என்றால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) இல்லை என்று அதற்குப் பொருளில்லை. சாதாரண ஸ்கேனில் தெரியாத படிவுகள் உண்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆய்வகம் தரும் அளவு வரம்பு, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை அடக்குவது. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஓர் ஆரோக்கியமான மனிதருக்குச் செய்தால் ஒன்றாவது வரம்பு தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். தன் உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ஏஎன்ஏ என்ற சோதனை, ரத்த மாதிரியை 1:80 அளவுக்கு நீர்த்துப் பார்த்தபோது ஆரோக்கியமானவர்களில் 13 சதவீதம் பேருக்கு நேர்மறையாக வந்ததாக 1997 ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே ‘எல்லா டெஸ்டும் எடுங்கள்’ என்று கேட்பது உங்களுக்கே தீமை. தற்செயலாகத் தாண்டிய எண்ணைத் துரத்தி ஆண்டுகள் போகும். ஓர் அறிகுறி, அதற்கு ஒரு சந்தேகம், அந்தச் சந்தேகத்துக்கு ஒரு சோதனை என்று கேளுங்கள்.

‘இது மனசுதான்’ என்றால்

மனநோய் என்று சொல்லப்படுவது அவமானம் அல்ல. சோதனைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்வதுதான் தவறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் கையேட்டைத் திருத்தியபோது, ‘மருத்துவக் காரணம் கிடைக்கவில்லை’ என்பதை உடல் அறிகுறிகளாக வெளிப்படும் மனநோய்களின் அடித்தளமாக வைப்பதைக் கைவிட்டது. அறிகுறியைச் சுற்றி அளவு மீறிய எண்ணமும் பயமும் நடத்தையும் இருக்கின்றனவா என்பதே இப்போது பார்க்கப்படுவது. ஆகவே “எந்த அடையாளத்தை வச்சு இந்த முடிவுக்கு வந்தீங்க?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

செயல்பாட்டு நரம்பியல் கோளாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் நரம்பு அறுபடவில்லை, ஆனால் மூளை அனுப்பும் கட்டளை தடம் மாறுகிறது. ஹூவர் அடையாளம் போன்ற நேரடிப் பரிசோதனையால் அது உறுதி செய்யப்படுகிறது: வலுவிழந்த காலைக் கீழே அழுத்தச் சொன்னால் முடியாது, மற்ற காலைத் தூக்கும்போது அதே கால் தானாக அழுத்தும். இப்படிக் காட்டிச் சொல்லப்பட்டால் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். அது நடிப்பு என்ற குற்றச்சாட்டு அல்ல. அதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபி இருக்கிறது. காட்டாமல் சொல்லப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

பதற்றமும் உடல்நோயும் ஒரே உடலில் இருக்கலாம். பதற்றத்தை மறைக்கவும் வேண்டாம், அதைப் பற்றிய கேள்வித்தாளை நிராகரிக்கவும் வேண்டாம். “அதுக்கும் சிகிச்சை எடுத்துக்கறேன் டாக்டர். அது எட்டு வாரத்துல குறைஞ்சும் இந்தப் படபடப்பு அப்படியே இருந்தா, என்ன டெஸ்ட் பார்ப்போம்?” என்று கேட்டு, விடையை எழுதிக்கொள்ளுங்கள். மறுத்துச் சண்டையிடுவதைவிட இது நெடுந்தூரம் கொண்டுபோகும்.

இரண்டாவது மருத்துவர்

திட்டமிட்ட காலம் முடிந்தும் மாற்றமில்லை, அடுத்த படியும் இல்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்களின் கோப்பு, திசுப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் கண்ணாடித் தகடுகள் வரை கேட்டு வாங்குங்கள். தாளில் இருப்பது ஒருவரின் வாசிப்பு. படத்தை இன்னொருவர் வேறுவிதமாக வாசிக்கலாம். பழைய மருத்துவர் சொன்னதை மறைக்காதீர்கள். ஆனால் அதில் தொடங்கவும் வேண்டாம். ஒரு பக்கத் தாளைக் கொடுத்து அவர் யோசித்து முடித்த பிறகு சொல்லுங்கள். எத்தனை நிபுணரைப் பார்த்தாலும், எல்லாத் தாளும் வந்து சேரும் ஒரு பொது மருத்துவரை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாவிட்டால் ஒவ்வொரு நிபுணரும் ‘என் உறுப்பில் இல்லை’ என்று அனுப்பிவிட, உங்களை முழுதாகப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார்.

நம்பப்படாமல் களைத்தவரைக் குறிவைத்துக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே ‘எனக்குத் தெரியும்’ என்பவர், தானே விற்கும் மருந்தைத் தானே எழுதுபவர், எல்லா நோய்க்கும் ஒரே காரணம் சொல்பவர், மற்ற மருந்துகளை உடனே நிறுத்தச் சொல்பவர் என்றால் விலகுங்கள். நூறு உணவுகளுக்கான ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம்) பட்டியல் ஒவ்வாமையைக் காட்டுவதல்ல. அந்த உணவை உண்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டும். அதை நம்பி ஒவ்வோர் உணவாக விட்டு எடையும் சத்தும் இழந்தவர்கள் நிறைய. அன்பாகக் கேட்கிறார் என்பதற்காக ஒருவரின் மருந்து சரியாகிவிடாது. அந்த அன்பு இவ்வளவு நாள் கிடைக்காததால்தான் ஏமாறுகிறோம் என்பது வேதனையான உண்மை.

பெயர் கிடைக்கும் வரை

பெயரில்லாமலே சிகிச்சை கேட்கலாம். தூக்கம், வலி, குமட்டல், ஒற்றைத்தலைவலி, நிற்கும்போது வரும் படபடப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்யக்கூடியவை இருக்கின்றன. “காரணம் தெரியற வரைக்கும் இந்த ஒண்ணையாவது குறைக்க என்ன பண்ணலாம்?” என்ற கேள்விக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் மனமுவந்து பதில் சொல்கிறார்கள், அவர்களுக்கும் கையில் ஏதோ ஒன்று கொடுக்க வழி கிடைக்கிறது.

உழைத்த மறுநாள் சரிபவர்கள் ‘உடற்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்’ என்ற அறிவுரையை அப்படியே எடுக்க வேண்டாம். நைஸ் அமைப்பு எம்இ நோய்க்கு 2007இல் பரிந்துரைத்த படிப்படியான உடற்பயிற்சி முறையை 2021இல் விலக்கிவிட்டது. சரிவு வராத எல்லை எது என்று நோட்டிலிருந்து கண்டுபிடித்து, நல்ல நாளிலும் அதற்குள்ளேயே நிற்பதுதான் இப்போதைய அறிவுரை. நல்ல நாளில் விட்ட வேலையெல்லாம் முடித்துவிடும் ஆசைதான் அடுத்த நான்கு நாளைப் படுக்கையில் தள்ளுகிறது.

வேலையிடத்துக்கோ கல்லூரிக்கோ சான்றிதழ் கேட்கும்போது நோயின் பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘15 நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் படுக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனை’ என்று செயலை வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

புதிய அறிகுறி வந்தால் அதைப் பழைய கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்களும் சேர்க்காதீர்கள், மருத்துவரையும் சேர்க்க விடாதீர்கள். “இது என் பழைய தொல்லை இல்ல டாக்டர். போன செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பிச்சது, மாதிரியே வேற” என்று முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். நாள்பட்ட நோயாளிக்கும் குடல்வால் வீங்கும், எலும்பு முறியும், புற்று வரும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒன்றும் மாறாவிட்டாலும், அந்த ஒரு பக்கத் தாளைப் புதிதாக எழுதி, ‘இன்று முதன்முறையாக இவரைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்?’ என்ற கேள்வியோடு உங்கள் பொது மருத்துவரிடம் கொடுங்கள்.